கல்லையும் சேர்த்து நாலு பேர்

பேய், ஆவி, செத்தவர் திரும்பி வந்தார் என்ற கதைகளில் எனக்கு ஒரு துளி நம்பிக்கையும் இருந்ததில்லை. வேலையிடத்தில் யாராவது அப்படி ஒன்றைத் தொடங்கினால் முதலில் சிரிப்பவன் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மஃபின் கேக் செய்யும் பக்ரறியில் பெட்டி அடுக்குகிறவன், கதையை அழகாகக் கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. சில நாட்களில் நானே நம்புவதில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பெப்ரவரியில் என் அக்கா செத்துப்போனாள். ஒரு கிழமை ஆஸ்பத்திரி, அவ்வளவுதான், முப்பத்தொரு வயது. அவளுக்கு நடைப் பைத்தியம். ஆங்கிலம் படிக்கப் போன இடத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள், கனடாவில் ரொறன்ரோ நகரத்துக்கு வெளியே நாட்டுப்புறத்தில் பிள்ளைகளோடு நடக்கக்கூடிய பன்னிரண்டு பாதைகள் பற்றி. ஞாயிற்றுக்கிழமையானால் மற்றச் சனம் கோயிலுக்கும் கடைக்கும் போகும், நாங்கள் மாட்டுப் பண்ணைக்குள்ளால் போவோம். அக்கா, அத்தான், அவர்களின் மகள் அபி, நான். நடந்து முடிந்ததும் காருக்குள் இருந்தபடியே அக்கா அந்தப் பக்கத்தில் பச்சைப் பேனையால் ஒரு சரி போடுவாள், பிறகு எத்தனை பேர் என்று எழுதுவாள், அதற்குப் பிறகு முறைப்பாடு. ‘4 பேர். ரொய்லற் இல்லை.’ ‘4 பேர். வாத்து கலைச்சது, இவர்தான் முதல் ஓடினவர்.’ இப்படிப் பதினொரு பக்கம் எழுதினாள். பன்னிரண்டாவது நடைக்கு முன்னம் பனி வந்துவிட்டது, பனி கரைய முன்னம் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அபி வெளியே நடப்பதை நிறுத்திவிட்டாள். ஆறு வயதுப் பிள்ளை, வீட்டுக்குள் ஓடித் திரிவாள், வாசலைத் தாண்டினால் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டுதான் போனேன். அத்தான் பாவம், விடிய எழும்பி மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறவர், தன்னால் பெண்பிள்ளையைத் தனிய வளர்க்க முடியாது என்று முடிவெடுத்துவிட்டார். இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் அவருடைய தமக்கை இருந்தார். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் அபியை அங்கே அனுப்புவதாகப் பேச்சு. அவர்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறவன், நான் என்ன சொல்ல? ஆனால் அக்காவில் எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு அத்தானே கேட்டார், பிள்ளை போக முன்னம் அந்தப் பன்னிரண்டாவதை முடிப்போமா என்று. மார்க்கம் என்ற ஊரையும் தாண்டி வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். அச்சொட்டாக இங்கிலாந்துக் கிராமம் மாதிரியே இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, கல்லுக் கட்டிய தேவாலயம், ஆலைக் குளம், தேநீர்க்கடை எல்லாம் இருக்குமாம்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அபி மறித்தாள்.

“மாமா, மூண்டு பேர் போகக்கூடாது. அம்மா சொல்லுறவ.”

மூன்று பேராக ஒரு பயணம் தொடங்கக்கூடாது, போவதென்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கொண்டுபோக வேண்டும், இது எங்கள் ஆட்களின் வழக்கம். அக்கா கைப்பைக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு டொக்ரரிடம் போனதைக்கூட நான் பகிடி பண்ணியிருக்கிறேன். அபி என் இடுப்பில் இருந்தபடியே குனிந்து வேலியோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி என் காற்சட்டைப் பைக்குள் போட்டாள். கார் ஓடின நேரம் முழுக்க அது தொடையில் குத்திக்கொண்டே வந்தது. போய் இறங்கினதும் எனக்கு ஒரு கோபம் வந்தது பாருங்கள், அக்கா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லா என்று. அத்தான் அபியைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்த நேரம் கல்லை எடுத்துக் கீழே போட்டு, காலால் காருக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

பாதை ஒரு பண்ணை வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனது. அத்தான் கால் வைக்க மாட்டேன் என்று நின்றார்.

“தம்பி, எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ஆரின்ரையோ காணிக்குள்ளை பிடிபட்டு நிண்டா என்ன சொல்லுறது?”

இப்படித்தான் ஒவ்வொரு முறையும், அக்காதான் தள்ளிக்கொண்டு போவாள். அன்றைக்கு நான் தள்ளினேன். பாதி வயல் போயிருப்போம், உழவு மெசினில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் வணக்கம் சொல்லத்தான் உயர்த்தினார். அத்தான் அந்த இடத்திலேயே நின்று, பேர்சை எடுத்து, அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். ஊரில் சோதனைச் சாவடியில் நின்று பழகின கை அது. கிழவர் இறங்கி வந்து, அட்டையை வாங்கிக் கவனமாகப் பார்த்து, படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் பொக்கற்றைத் தடவித் தன்னுடைய லைசன்சை எடுத்து அத்தானிடம் காட்டினார். அத்தானும் அதை வாசித்துத் தலையாட்டினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வயலுக்குள் குந்திவிட்டேன்.

குளத்துக்கு அந்தப் பக்கம் போக ஒற்றைப் பலகைப் பாலம். அத்தான் அபியோடு ஏறி, இரண்டடி வைத்து வழுக்கி, முழங்கால் வரை தண்ணீருக்குள் போனார். பிள்ளையை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தார். காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் சளக் சளக் என்று தண்ணீர். அபி சிரிக்கத் தொடங்கினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். பலகையில் இறக்கிவிடச் சொன்னாள். இறக்கிவிட்டார். நடந்தாள்.

அப்புறம் அவள் தூக்கச் சொல்லவே இல்லை. சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு அத்தான் காலுறையோடு முன்னால் போனார், அபி நடுவில், காற்றில் காயட்டும் என்று கைக்கு ஒரு சப்பாத்தாகப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். ஆட்டுக் கூட்டத்துக்குள்ளால் போய், தேவாலயத்தடியில் இருந்து மீன் கட்லற் சாப்பிட்டோம்.

“அப்பா, மாமி வீட்டடியும் இப்பிடியோ இருக்கும்?”

“ஓம் அம்மா, அச்சொட்டா இப்பிடித்தான்.”

“அப்ப இஞ்சையே இருக்கலாம்தானே.”

அத்தான் கட்லற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஆடுகளைப் பார்த்தார்.

காருக்குத் திரும்பியதும் அத்தான் அபிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனார். நான் முன் சீற்றில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டேன். புத்தகம் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே, காலையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. வைக்க முன்னம் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் வந்து கதவைத் திறக்கத்தான் முழித்தேன். சரி போட வேண்டும் என்று அபி பேனை தேடினாள். கார் முழுக்கக் கிண்டியும் ஒரு பேனை இல்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தவள் சொன்னாள், ஏற்கெனவே போட்டிருக்குதே என்று.

நம்பினால் நம்புங்கள். பச்சை மை. அக்காவின் சாய்ந்த எழுத்து.

‘4 பேர். இவரின்ரை சப்பாத்து நனைஞ்சு போச்சு. அபி தானா நடந்தவள். தம்பி கல்லைக் காரடியிலேயே போட்டிட்டான். பரவாயில்லை, 4 பேர்தான்.’

அத்தான் இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கல்லைப் போட்டனியோ?”

“ஓம்.”

“அது உனக்குத்தானே தெரியும்,” என்று சொல்லிவிட்டு, சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார். “அவளை மாதிரியே எழுதியிருக்கிறாய், தம்பி.”

நான் வாயைத் திறந்தேன். என் எழுத்து கோழி கிண்டினது போல இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி. வாயை மூடிக்கொண்டேன். அன்று பின்னேரம் தமக்கைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார், “இல்லை அக்கா, அவள் இஞ்சையே இருக்கட்டும்.”

நித்திரையில் நானே எழுதியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாளித்துக்கொண்டு வந்தேன், போன மாதம் வரைக்கும். அபிக்கு இப்போது பத்து வயது, எங்களுக்கு முன்னால் ஓடுகிறாள், நாங்கள்தான் மூச்சு வாங்குகிறோம். பாத்திரம் கழுவும்போது அவளிடம் சும்மா கேட்டேன், அன்றைக்கு அவ்வளவு தூரமும் பயமில்லாமல் எப்படி நடந்தாய் என்று.

“நீங்கள்தானே மாமா கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தனீங்கள்.”

ஓம் என்றேன். அன்றைக்கு என் இரண்டு கையிலும் அத்தானின் சப்பாத்து.