ஊதிப் பார்க்காத கோடு

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பூமிக்கடியில் சுழலும் இரும்புக் குழாய்களைச் சோதிப்பது என் வேலை. திருவொற்றியூரில் எங்கள் யார்டு. குழாயில் காந்தம் ஏற்றி இரும்புப் பொடி தூவினால், விரிசல் உள்ள இடத்தில் பொடி கறுப்புக் கோடாக ஒட்டிக்கொள்ளும்.

அன்று ஒரு குழாயில் மெல்லிய கோடு தெரிந்தது. தலைமுடி என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன். கூட வேலை செய்யும் செல்வி, நல்ல குழாய் என்பதற்கு அடையாளமாக வெள்ளைப் பட்டை அடித்தாள்.

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன். சோறு பிசைந்த அவள் கை அப்படியே நின்றது.

"ஊதிப் பாத்தியாண்ணா? முடின்னா பறந்துகினு போயிருக்குமே."

நான் ஊதவில்லை. "முடிதாம்மா," என்றேன்.

வெளியே, துறைமுகத்துக்குப் போகும் லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. ஏற்றியிருந்த எல்லாக் குழாயிலும் ஒரே வெள்ளைப் பட்டை; அவற்றில் அந்தக் குழாய் எதுவென்று தெரியாது. நிறுத்தச் சொன்னால் அத்தனையையும் இறக்கி மறுபடி சோதிக்க வேண்டும். என் கண்ணை இனி யாரும் நம்பமாட்டார்கள். லாரி கேட்டைத் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

கெட்ட சேதி எதுவும் இன்றுவரை வரவில்லை. அந்தக் குழாய் எந்தக் கடலில் சுழல்கிறதோ, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ.

இப்போது கண்ணில் படும் ஒவ்வொரு கோட்டையும் ஊதிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடப் பறந்ததில்லை.