ஒரு நூல் ஜாஸ்தி

பிள்ளைகளே, எழுபதுகளின் கடைசியில் ஆம்பூர் பஸ்ஸில் தோல் பதனிடும் ஷாப் தொழிலாளி ஒருவரைப் பார்த்தேன். கூரையில் தலை இடிக்கும் உயரம். மீசை அரும்பியதோடு நின்றுபோயிருந்தது. பேசுமுன் விரல்களை முகர்ந்துகொள்வார், தோல் வாடை போய்விட்டதா என்று.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, மனைவியோடும் அம்மாவோடும் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பண்றது சார், இத்தனை வருஷமாச்சு, மருமக வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. பேரணாம்பட்டுல வேற பொண்ணு பாத்துட்டேன்" என்றார், பஸ்ஸுக்கே கேட்கும்படி. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகன் விரலை முகர்ந்தார். "அம்மா, அவ மேல குறை இல்ல. உடம்புக்குள்ள நூல் நூலா இருக்குமாம், குரோமோசோமோ இன்னாவோ பேரு. எனக்குப் பொறவியிலேயே அதுல ஒண்ணு ஜாஸ்தி. டாக்டரம்மா ரத்தத்துல பாத்துச் சொல்லிட்டாங்க."

"ஜாஸ்தின்னா நல்லதுதானேடா?"

"இதுல நல்லதில்லம்மா. நீ பத்துப் பொண்ணு கட்டி வெச்சாலும் என்னால குழந்தை வராது. தோல்லயே பொறவி வடு இருந்தா, பதம் போடுறவனையா திட்டுவாங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் கூசவில்லை. மாதனூரில் மனைவியை முன்னால் இறங்கவிட்டு, பின்னால் இறங்கினார். அம்மா தொடர்ந்தார்.

ஆம்பளை என்று யாராவது பெருமை பேசினால், எனக்கு மீசை அரும்பியதோடு நின்ற அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.