சிரிக்கச் சொல்லாமல் எடுத்த படம்

வண்டிகளின் நசுங்கலை நிமிர்த்துவதில் அந்தப் பட்டறையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கதவை உள்ளங்கையால் தடவியே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். அங்கே எல்லோருக்கும் அவர் டிங்கர். வீட்டிலோ, போனைக் கையில் எடுத்துவிட்டால் அவர் பெயர் தலைவெட்டி. அவர் எடுக்கும் படத்தில் தலை இருக்காது. தப்பித்தவறித் தலை இருந்தால் கண் மூடியிருக்கும். புது போன் வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வீட்டுக்கு வந்திருந்த மச்சான், மனைவியின் தம்பி, சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

கேலியைத் தூசி மாதிரி தட்டிவிட அவருக்குத் தெரியும். உறுத்தியது வேறு. தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு நாலு வருடத்துக்கு முன்னால் முகவாதம் வந்தது. மருந்தும் பயிற்சியுமாகப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. உதட்டின் இடது ஓரம் மட்டும் சற்றுப் பின்தங்கிவிட்டது. அன்றிலிருந்து யார் போனைத் தூக்கினாலும் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

எட்டு வயது மகளிடம் பள்ளியில் குடும்பப் படம் கேட்டார்கள். அப்பாவும் மகளும் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். நாலு வருடப் படங்களில் அம்மாவின் முதுகு இருந்தது, தோசைக்கரண்டி பிடித்த கை இருந்தது, முகம் இல்லை.

"அம்மா நம்ம கூடத்தானேப்பா இருந்தாங்க?" என்றாள் மகள்.

அவர் இன்னொரு தடவை முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார்.

மறுநாள் பட்டறையில் ஒரு சாம்பல் நிறக் காரின் கதவில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் நேராக விழுந்தால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். பக்கத்திலிருந்து விழுந்தால்தான் உருவம் எழுந்து வரும். அதுவும் மேகமூட்டத்து வெளிச்சமாக இருந்தால் முரட்டு நிழல் விழாது. இருபத்திரண்டு வருடமாக வெளிச்சத்தோடு புழங்கியும், வீட்டில் எல்லோரையும் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக நிறுத்தி, சிரி சிரி என்று அதட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது.

ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டினார். பகலில் விளக்கை அணைத்தார். போன் லென்ஸைத் துடைத்தால் துணியில் கிரீஸ் வந்தது. வண்டிக்கு அடியில் குனிவதுபோல் மண்டியிட்டு மகளின் கண் மட்டத்துக்கு இறங்கினார். தூரத்தில் நின்று பெரிதாக்குவதை விட்டுவிட்டு, இரண்டடி கிட்டே போனார். முதல் இரண்டு வாரம் படுதோல்வி. மூன்றாவது வாரம் ஒன்று அகப்பட்டது: நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு மகள் பென்சில் சீவுகிறாள்.

மனைவி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். இதுதான் சமயம் என்று, உன்னையும் எடுக்கட்டுமா, பிடிக்காவிட்டால் உன் கையாலேயே அழித்துவிடு என்றார்.

"எடுங்க. ஆனா சிரிக்க மட்டும் சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோரம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைத் தபாலில் அனுப்பினால் எத்தனை ஸ்டாம்ப் ஒட்டணும் என்று மகள் கேட்டாள்.

"உன் வாய்க்கே தனியா ஒட்டணும்டி," என்று சொன்னவள், சொல்லி முடிக்குமுன் தானே வெடித்துச் சிரித்துவிட்டாள்.

அவர் விடாமல் அழுத்தினார். பதினொரு படம். ஏழாவதில் எல்லாம் கூடியிருந்தது: பின்னால் சாய்ந்த தலை, பாதி பின்னிய சடை, கோணிய உதடு, அந்தக் கோணலிலேயே நிறைந்து வழிந்த சிரிப்பு.

போனை வாங்கினாள். அழிக்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் அதைத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். பிறகு தம்பிக்கு. சாயங்காலம் மச்சானிடமிருந்தே போன் வந்தது: "மச்சான், ஒருநாள் எங்க வீட்டுக்கும் வாங்க. எங்களையும் இப்படி எடுங்க." டிங்கர் அன்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டே நடமாடினார்.

மகள் அதைத்தான் பள்ளிக்குக் கொண்டுபோனாள். அந்த மாதம் தபால் நிலையத்தில் புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டபோது, மனைவியும் அதையே வெட்டிக் கொடுத்தாள். பல் தெரியச் சிரிக்கிற படம் அட்டைக்கு ஆகாது என்று திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேறு படம் எடுக்க நேராக அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொள்ள அவர் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.