குடைத் துணியில் தைத்த ஈயம்

ஞாயிறு காலையில் போர்ட்டிக்சன் கடலோரப் பாறைமேல் நின்று மீன் பிடிப்பது என் வழக்கம். செண்டாயான் தொழிற்சாலையில் ஆறு நாள் பட்ட எரிச்சல் அங்கேதான் தீரும். மனைவியும் கூட வருவாள். தேநீர் ஊற்றித் தருவாள், முள்ளில் இறால் கோத்துத் தருவாள். "ஒரு தடவ நானும் வீசிப் பாக்குறேங்க" என்பாள். "நீ வீசுனா ஈயம் பூரா கல்லுக்குள்ளதான் போகும் லா" என்று தட்டிக் கழிப்பேன். தூண்டில் நரம்பில் கனத்துக்காகக் கட்டும் என் ஈயமே பாதிக்குப் பாதி கல்லிடுக்கில் சிக்கி, நரம்பு அறுந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டேன்.

எங்கள் தோட்டத்து வீட்டில் அவள் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். முதுகில் முடிச்சுப் போடும் கயிற்றுக்காகத் துணியை நீளக் குழாயாகத் தைத்து, ஊக்கை உள்ளே விட்டு இழுத்துப் புரட்டுவாள். ஒருநாள் அதே கைப்பழக்கத்தில், உடைந்த குடையின் வழுவழுத் துணியை விரல் பருமனுக்குக் குழாயாக்கினாள். லோபாக்கிலுள்ள தூண்டில் கடையில் வாங்கிய மிளகளவு ஈய உருண்டைகளை அதில் நிரப்பி, இரண்டு முனையையும் மடித்து இறுக்கித் தைத்தாள். நரம்பு கட்ட ஒரு முனையில் வளையமும் வைத்தாள்.

"கட்டியா இருந்தாத்தானே மாட்டும்? இது நெளிஞ்சு வந்துரும். இப்ப நான் வீசலாம்ல?"

அடுத்த ஞாயிறு அதை என் தூண்டிலில்தான் கட்டினேன். சோதித்துப் பார்க்கிறேனாம்! கல்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒருமுறைகூடச் சிக்கவில்லை. மூன்று கெலாமா மீன் கிடைத்தது. பக்கத்தில் இரண்டு ஈயத்தைப் பறிகொடுத்து நின்ற என் வேலைத்தள நண்பன், "எங்கடா வாங்குன?" என்றான்.

"ஆன்லைன்ல லா."

பின்னால் அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கைத் தையலில் பிறந்த சாமான் என்று சொல்ல எனக்குக் கூச்சம், வேறென்ன.

காரில் திரும்பும்போது, "இன்னும் அஞ்சாறு தைச்சிரும்மா" என்றேன்.

"ஆன்லைன்ல வாங்கிக்குங்க."

அந்த வாரம் நானே தைக்க உட்கார்ந்தேன். ஊசி குத்தியது. குழாய் புரள மறுத்தது. ஈய உருண்டைகள் வீடெங்கும் ஓடின. அவள் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது.

மறு ஞாயிறு, இருந்த ஒரே துணி ஈயத்தை இன்னொரு தூண்டிலில் கட்டி அவள் கையில் கொடுத்தேன். நண்பனிடம், "அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். இது இவ தைச்சது" என்றேன்.

"அண்ணி, எனக்கு ரெண்டு!" என்றான் அவன்.

அவள் தூண்டிலை வீசினாள். முதல் வீச்சு காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது நன்றாகப் போனது. மெல்ல இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள். தூண்டில் நுனி வெடுக்கென்று வளைந்தது. பழக்கதோஷம், நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க. இது என் மீனு."

எடுத்துவிட்டேன். மீன் பாறைக்கு வந்து சேரும்வரை யோசனைகூடச் சொல்லவில்லை.