இடப்புறம் என்று நான் அடித்த முளைகள்

1. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் என்னால் அழிந்தது.
2. சாலையை அகலப்படுத்த வேண்டிய பக்கம் கிழக்கு. நான் முளை அடித்தது மேற்கே.
3. அது தவறு என்று மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது.
4. நான் சொல்லவில்லை.

முதல் மூன்றுக்கும் என்னிடம் விளக்கம் உண்டு. நான்காவதற்கு இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் கடைசி. டிப்ளமோ முடித்து சாலை வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். புதிதாக வந்த கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான்! அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

சாலையின் மையக் கோட்டுப் புள்ளிகளை அதற்கு வரிசையாகக் கொடுக்க வேண்டும். இருபது மீட்டருக்கு ஓரிடமாக, கோட்டிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் தள்ளி முளை அடிப்பது என்று பட்டியல் வரும். வரைபடம் நாமக்கல்லில் தொடங்கி வேலூர் நோக்கிப் போகிறது. அப்படிப் போனால் இடப்புறம் கிழக்கு, வெறும் முள்காடு.

ஆனால் அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆட்கள் வேலூர்க்காரர்கள். அவர்களுக்கு வசதியாக எப்போதும் அந்த முனையிலிருந்துதான் அளந்து வருவோம். அளவுப் புத்தகமும் அதே வரிசை. அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இடப்புறம் என்றேன். வேலூரிலிருந்து வந்தால் இடப்புறம் எது? மேற்கு... பொன்னுசாமியின் கொடிக்கால்.

முளை அடித்த அன்று அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு முளை அவருடைய கிணற்றையும் தாண்டி விழுந்தது.

“ஏனுங்க அம்மணி, போன மாசம் வந்த எஞ்சினீரு அந்தப் பக்கமுன்னுதானுங்களே கையக் காட்டுனாரு?”

சங்கிலிக்கார ராசு சிரித்தார். “அவரு கையில காட்டுனாருங்க. இது மிசினு காட்டுது. உங்க கெணத்து மேல அதுக்கென்னங்க பகை?”

“பகையில்லீங்க. கெணறு போனா கொடி காஞ்சிருமுங்க. எங்கூட்டுச் சோறு அதுலதானுங்க.” என் பக்கம் திரும்பினார். “ஒருக்கா பாத்துச் சொல்லு சாமி.”

“பட்டியல் சரியாத்தானுங்க இருக்குது” என்றேன். பார்க்காமலே!

மறுநாள் அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து, பட்டியலைப் பக்கத்தில் வைத்தேன். முதல் புள்ளியே வேறு ஊரில் இருந்தது. வரைபடத்தில் அது நாமக்கல், பட்டியலில் வேலூர்.

ஒரே நாள் வேலை. முளைகளைப் பிடுங்கி எதிர்ப்புறம் அடித்தால் முடிந்தது. ஆனால் வரைவாளர் முந்தின வாரம்தான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: “பொம்பளப்புள்ள கையில மிசினக் குடுத்தா கோலந்தான் போடும்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு மறுபடி எழும் என்று பயந்தேனா? ஆமாம். ஒரு கேலிக்காக ஒருவருடைய கிணற்றைக் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்...

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போனதும் வரைபடத்தை எடுத்தேன். கிழக்கே இருந்த கோட்டை பிளேடால் சுரண்டினேன். மேற்கே புதுக் கோடு போட்டேன். கோடு வளையாமல் விழுந்தது! கையைக் காட்டிவிட்டுப் போன பொறியாளர் மாற்றலாகியிருந்தார். புதியவர் வரைபடத்தைப் பார்த்தார், கையெழுத்திட்டார். நிலம் எடுக்கும் ஆணையும் அதன்படியே வந்தது.

பொன்னுசாமி இரண்டு முறை மனு கொடுத்தார். இரண்டு முறையும் அது என் மேசைக்கே வந்தது. ‘வரைபடத்தின்படி சரியாக உள்ளது’ என்று எழுதினேன். பொய்யில்லை, பாருங்கள்... வரைபடத்தின்படி சரியாகத்தான் இருந்தது!

கிணற்றை மூடிய அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அடுத்த கோடையில் கொடிகள் பழுத்து உதிர்ந்தன. பின்னால் கொடி படர்ந்திருந்த அகத்தி மரங்களையும் வெட்டிவிட்டார்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்க மாட்டேன். அதைக் கொடுப்பதற்கு நீங்கள் யார்? அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அவர் இப்போது வேறொருவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறார். வேலூர் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால், “நல்லா இருக்கறீங்களா அம்மணி?” என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறேன் என்கிறேன். போன வாரமும் அப்படித்தான் சொன்னேன்.