முகம் நனையாத கேப்டன்

முப்பத்தொரு வருடம் லிஃப்ட்டுகளைப் பரிசோதித்த ஒரு மனிதர், ஓய்வுபெற்ற மறு வாரமே பாய்மரப் படகு வாங்கினார் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆயுளில் பாதியை மேலும் கீழுமாகக் கழித்தாயிற்று, மீதியைப் பக்கவாட்டில் கழிப்போம் என்று ஒருவர் முடிவு செய்தால் குறை சொல்ல நாம் யார்? அவருடைய அண்ணன் சொன்னார். "இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு." அண்ணி அதைத் திருத்தினார்: "இப்பத்தான் பிடிச்சுதுன்னு நினைக்கிறீங்களா?"

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்த அன்றே தன்னைக் கேப்டனாக நியமித்துக்கொண்டார். விழாவுக்குத் தலைமை அவர்தான், ஏற்புரையும் அவர்தான். போட்டிக்கு வேறு விண்ணப்பம் வரவில்லை. படகில் இருந்த இன்னொரு ஆள் அவர் மனைவி. அந்த நேரம் அவர் கழிவறையின் கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு முறை போய்வந்தால் இருபத்தைந்து அடி அடிக்க வேண்டும். தங்க நூல் வைத்த வெள்ளைத் தொப்பியோடு கேப்டன் கதவைத் தட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, உள்ளேயிருந்து "பதினெட்டு, பத்தொம்பது" என்றுதான் பதில் வந்தது.

அம்மையாரும் சாமான்யப்பட்டவரல்ல. இருபத்தாறு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊராருக்குக் கண் பார்த்தவர். இருட்டறையில் ஒருவரை உட்கார வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். கடல் வாழ்க்கைக்கு அவர் கொடுத்த சம்மதம் மிகவும் திட்டவட்டமானது. "ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் இருக்கச் சொன்னீங்க, நீந்தியாவது வீட்டுக்குப் போயிடுவேன்."

அது நடந்து நாலு வருடமாகிறது. இடையில் நடந்தது இதுதான். இரண்டாம் மாதம், ஏதோ ஒரு தீவின் ஓரத்தில், பக்கத்துப் படகுப் பல் டாக்டரின் மனைவி ஒரு மாஸ்க்கையும் மூச்சுக்குழாயையும் கொடுத்து, "சும்மா தலையை உள்ள விட்டுப் பாருங்கக்கா" என்றார். அக்கா தலையை உள்ளே விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்தார். கன்னத்தில் மாஸ்க்கின் விளிம்பு பதிந்திருந்தது. கண்ணில், புதிதாகக் காதலில் விழுந்த கல்லூரிப் பெண்ணின் கிறக்கம். அன்றோடு குடும்பத்துக்கு அவர் இல்லை. காலையில் காபி குடித்த கையோடு தவளைக்கால் செருப்பை மாட்டிக்கொண்டு குதித்தால், அடுத்த தரிசனம் சாப்பாட்டு வேளைக்குத்தான். சாப்பிடும்போதும் அதே பேச்சு. "இன்னிக்கு ஒரு மீன் பார்த்தேங்க, அப்படியே எங்க மேனேஜர் மூஞ்சி. கீழ் உதடு மட்டும் தொங்கிக்கிட்டு. என்னைப் பார்த்ததும், லீவு கேட்க வந்திருக்கேன்னு நினைச்சு, பொந்துக்குள்ள போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைக் கேட்பார். ஏனென்றால், உலகறியாத உண்மை ஒன்று உண்டு. கடலில் வாழப் புறப்பட்ட அந்தக் கேப்டனின் முகத்தில் கடல் நீர் இதுவரை பட்டதில்லை. கடலென்ன, எந்த நீரும் மொத்தமாகப் பட்டதில்லை. குளிப்பது கழுத்துக்குக் கீழேதான். முகத்துக்கு ஈரத்துண்டு. நீந்தத் தெரியுமா என்றால் தெரியும், நாய் நீந்துவது போலத் தலையைத் தூக்கிக்கொண்டு. மூக்கு நீருக்குள் போனால் மட்டும் அவருக்கு உயிர் போவது போலிருக்கும். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் பயம் அல்ல, பொறுப்பு. "படகுல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். அது கடல் சட்டம்." எந்தக் கடலின் சட்டம் என்று யாரும் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் தனக்கு எதுவும் தெரியாது என்று இன்னொரு காரணமும் வைத்திருந்தார். கண்ணாடிக்காரியிடம் போய் அப்படிச் சொல்லலாமா? மூன்றே வாரத்தில் அவருடைய பவரிலேயே லென்ஸ் போட்ட மாஸ்க் ஒன்று வந்து இறங்கியது. அது பெட்டியைப் பிரிக்காமலேயே கட்டிலுக்கடியில், வெங்காய மூட்டைக்குப் பின்னால் இரண்டு வருடமாக ஓய்வெடுக்கிறது.

இந்த இடத்தில் நங்கூரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படகு நிற்கும் இடத்தில் நிற்பதற்குக் காரணம், அடியில் மணலைக் கவ்விக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் கொக்கியும் அதிலிருந்து வரும் சங்கிலியும்தான். கொக்கி சரியாகக் கவ்வவில்லை என்றால், காற்றடிக்கும்போது படகு தன் பாட்டுக்குக் கிளம்பிப் பாறையில் போய் உட்கார்ந்துவிடும். அதனால், நங்கூரம் போட்டதும் யாராவது ஒருவர் மாஸ்க் மாட்டிக் கீழே பார்த்துவர வேண்டும். மற்ற படகுகளில் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். நம் இன்ஸ்பெக்டர் படகில் அதற்கு ரிஜிஸ்டர் உண்டு.

அந்த ரிஜிஸ்டர்களை அலுவலகம் அன்பளிப்பாகக் கொடுத்ததாக அவர் சொல்கிறார். அலுவலகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தேதி, ஆழம், தரையின் தன்மை, சங்கிலியின் நீளம், நங்கூரத்தின் நிலை என்று கோடு கிழித்து, கடைசிக் கட்டத்துக்கு 'நேரில் கண்டவர் கையொப்பம்' என்று தலைப்பிட்டிருந்தார். இது விளையாட்டல்ல. முப்பத்தொரு வருடத்தில் கண்ணால் பார்க்காத ஒரு லிஃப்ட்டுக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. திறப்பு விழாவுக்கு வாசலில் ஆட்கள் மாலையோடு காத்திருக்க, லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து கம்பிவடத்தை இழை இழையாக எண்ணிய மனிதர். கிரீஸ் அப்பிய சட்டையோடு இறங்கி வந்து, "ஒரு இழை அறுந்திருக்கு, மாலை நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றவர். அதனால் படகின் ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. நாலு வருடமும் அந்தக் கட்டத்தில் விழுந்தது அம்மையாரின் கையெழுத்துதான்.

வினை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. புதிதாக ஒரு தீவின் விரிகுடாவில் நங்கூரம் போட்டார்கள். எண்பது அடி பின்னால் பாறை. மறுநாள் மாலை பலத்த காற்று வரும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அம்மையார் போய்ப் பார்த்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டே அறிக்கை கொடுத்தார்.

"பிடிக்கலைங்க. பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கு. கீழ பாறை, அது மேல நாலு விரல் மணல்தான். அந்தப் பக்கம் நல்ல வெள்ளை மணல் இருக்கு. எடுத்து அங்க போடுங்க."

இன்ஸ்பெக்டர் கணக்குப் பார்த்தார். ஆழம் இருபது அடி, சங்கிலி நூறு அடி. புத்தகத்தில் போட்டபடி ஐந்து மடங்கு. புத்தகத்தில் சரியாக இருப்பது தரையில் எப்படித் தவறாக இருக்கும்? அப்போதுதான் தன் தாம்பத்திய வாழ்க்கையின் மிகப் பெரிய பிழையைச் செய்தார்.

"தண்ணிக்குள்ள எல்லாம் கொஞ்சம் பெருசாவும் கிட்டக்கவும்தான் தெரியும். உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

நாலு வருடமாகக் கூடவே வரும் பக்கத்துப் படகின் மேல்தட்டில் காபி குடித்துக்கொண்டிருந்த பல் டாக்டர், கோப்பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"எனக்குக் கண்ணு தெரியாது. அப்படித்தானே?"

"அறிவியல்மா அது. ஒளி வந்து தண்ணியில…"

"ஒளியைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கறீங்க? உங்க மூக்குல உட்கார்ந்திருக்கே, அந்தக் கண்ணாடி யார் போட்டது? அதைக் கழட்டிட்டா, நான் நிக்கிறேனா பாய் நிக்குதான்னு உங்களுக்குத் தெரியுமா?" அம்மையார் மேலே ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டார். குரல் இறங்கியது. இன்ஸ்பெக்டருக்கு அதுதான் கூடுதல் கலவரம். "இனிமே அந்த ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து விழாது. நேரில் கண்டவர்னுதானே போட்டிருக்கு? போய் நேர்ல காணுங்க. முடியலையா, தொப்பியைக் கழட்டி என்கிட்ட கொடுங்க. நான் கேப்டன். சொல்ற இடத்துல நங்கூரம் போடுங்க. காத்து வர்றதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு நடக்கணும்."

உண்மையில், நங்கூரத்தை எடுத்து அந்தப் பக்கம் போட அரை மணி நேரம் போதும். ஆனால் அப்படிப் போட்டால் தொப்பி போய்விடும். போடாமல் இருந்தால் படகு போய்விடும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் முப்பத்தொரு வருடம் போய்விடும். இன்ஸ்பெக்டர் நான்காவது வழி தேடினார்.

முதலில் சாப்பாட்டு டப்பாவின் கண்ணாடி மூடியைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்தார். மூடி தெரிந்தது. அடுத்து, செல்போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, துடைப்பக் கட்டையில் கட்டி உள்ளே விட்டார். அது இறுதி மூச்சுக்கு முன் பதினோரு விநாடி படம் பிடித்திருக்கக்கூடும். என்ன பிடித்தது என்பது அதற்கே வெளிச்சம். சாயங்காலம் டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், நங்கூரத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

"மத்தியானமே பார்த்துட்டேன் சார். அம்மா சொன்னதுதான்."

"அப்ப ஒரு கையெழுத்து…"

"சார், அது குடும்ப விஷயம்."

ஞாயிறு காலை பாய்மரக் கயிறுகள் கம்பத்தில் தட்டத் தொடங்கின. மெல்லிய காற்றுதான், ஆனால் வரப்போவதன் முன்தூது. அம்மையார் மேல்தட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெங்காயத்தை எடுக்கும்போது பின்னால் கிடந்த அந்த மாஸ்க் பெட்டியையும் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் பெட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பெட்டியைப் பிரித்து மாஸ்க்கையும் ஒரு மூச்சுக்குழாயையும் எடுத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு, இடுப்பில் மிதவை வளையத்தோடு, லிஃப்ட் குழிக்குள் இறங்கும் அதே முகபாவத்தோடு ஏணியில் இறங்கினார்.

"ரப்பரைப் பல்லால கடிங்க. உதட்டால மூடுங்க" என்றார் அம்மையார், வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல்.

"தெரியும்."

"மூக்கால மூச்சு விடக் கூடாது."

"தெரியுங்கறேன்ல."

முதல் முறை முகம் ஒரு விநாடி உள்ளே இருந்தது. இரண்டாம் முறை அதுவும் இல்லை. மூன்றாம் முறை அரைக் கோப்பை கடல் உள்ளே போனது. "வாயை நல்லாத் திறங்க சார்… இன்னும் கொஞ்சம்… இப்ப மெதுவா மூடுங்க" என்று டாக்டர் பழக்கதோஷத்தில் அடுத்த படகிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஏணியின் கடைசிப் படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமினார். வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றது. தண்ணீரில் யாரோ குதித்தார்கள். ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது.

"என்னைப் பார்க்காதீங்க. கீழ பாருங்க. மூச்சை இழுங்க, விடுங்க. இழுங்க. விடுங்க. அவ்வளவுதான் வேலை."

நாலாம் முறை முகம் உள்ளே போனது. அங்கேயே இருந்தது.

முதலில் தெரிந்தது தன் கால்கள். வெளுத்துப்போய், யாரோ மறந்துவிட்டுப் போனவை போலத் தொங்கின. பிறகு படகின் அடிவயிறு. நாலு வருடமாக அவர் வசிக்கும் வீட்டுக்கு இப்படிப் பச்சைத் தாடி முளைத்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தார்கள், அவர் நம்பவில்லை. கோடுபோட்ட மீன்கள் ஏழெட்டு வந்து அவருடைய சட்டைப் பித்தான்களைப் பரிசோதித்தன. ஒன்று மட்டும் சற்றுத் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தது. தன் மூச்சு தன் காதிலேயே பெரிதாகக் கேட்க, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சங்கிலியின் வழியே போனார்.

நங்கூரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. எதையும் கவ்வவில்லை. சங்கிலி ஒரு பாறை முனையில் அரைச் சுற்றுச் சுற்றியிருந்தது. இரண்டு மனிதர்கள், ஒரு படகு, ஓர் அடுப்பு, பதினாலு ரிஜிஸ்டர்கள் எல்லாம் அந்த அரைச் சுற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அலறினார். குழாய் வழியே அது வாத்தின் குரலாக வெளிவந்தது.

இருவரும் தலையைத் தூக்கினார்கள்.

"என்ன கண்டீங்க?"

"சாஞ்சு கிடக்கு."

"டாக்டருக்குக் கேட்கலையாம்."

"சாஞ்சு கிடக்கு! நீ சொன்னதுதான் சரி, போதுமா?"

"இன்னொரு தடவை சொன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார் அம்மையார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. நேரமில்லை. யாராவது ஒருவர் மேலே போய்ப் படகை ஓட்ட வேண்டும், ஒருவர் கீழே பார்க்க வேண்டும். அம்மையார் வழக்கம்போல மாஸ்க்கைச் சரிசெய்தார். "நீங்க ஏறுங்க."

இன்ஸ்பெக்டர் ஏறவில்லை. "நீ ஓட்டு. நான் பார்க்கறேன்" என்றார். சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கே தெரிந்தது.

டாக்டருடைய படகின் ஏணியைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஒதுங்கி மிதந்தார். அம்மையார் வெயிலுக்காக நாற்காலியில் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், இயந்திரத்தைக் கிளப்பினார், சங்கிலியைச் சுருட்டினார். இன்ஸ்பெக்டர் போக்குவரத்துக் காவலரைப் போல இடது, வலது என்று கை காட்டினார். அம்மையார் அதை மரியாதையோடு பார்த்துவிட்டு, தான் நினைத்த இடத்தில் நங்கூரத்தை இறக்கினார். இயந்திரம் நின்றதும் இன்ஸ்பெக்டர் ஏணியை விட்டுவிட்டு, குப்புறக் கிடந்தபடியே காலை உதைத்து அங்கே போனார். கொக்கி மணலில் விழுந்து, இழுபட்டு, மூக்கை நுழைத்து, தலையையும் நுழைத்து மறைந்திருந்தது. அதன்மேல் வெள்ளைப் புழுதி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி கோடுபோட்டாற்போல் நேராக நின்றது. தன் வாழ்நாளில் இவ்வளவு திருப்தியாக எந்த லிஃப்ட்டையும் அவர் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு?" மேலிருந்து குரல்.

தலையைத் தூக்கி, குழாயைத் துப்பினார். "அட்டகாசம்! முழுசாப் புதைஞ்சிடுச்சு!"

"அப்ப ஏறி வாங்க. கையெழுத்துப் போடணும். தொப்பியையும் வாங்கிக்குங்க, எனக்குப் பெருசா இருக்கு."

"நீயே வெச்சுக்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏதோ ஒண்ணு இந்தப் பக்கமாப் போகுது. நீலம். வாலு மட்டும் மஞ்சள். நான் பார்த்துட்டு வந்துடறேன்." முகம் மறுபடி உள்ளே போயிற்று.

ரிஜிஸ்டரும் பேனாவுமாக அம்மையார் மேல்தட்டில் நின்றார். ஏங்க என்று கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட்டார். கடைசியில், நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வாயில் வராத ஒரு பட்டப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். நனைந்த முதுகும் ஒரு குழாயும் நிதானமாகத் தூரம் போய்க்கொண்டிருந்தன.

"டாக்டர்! அவரைக் கொஞ்சம் திருப்பி விடுங்களேன், பாறைப் பக்கம் போறாரு."

டாக்டர் தன் படகின் விளிம்பில் சாய்ந்து இரண்டு தடவை கைதட்டிப் பார்த்தார். பிறகு அம்மையாரைப் பார்த்துக் கையை விரித்தார்.

"கேட்க மாட்டேங்கறாரே, கேப்டன்."