முதலில் அழிக்கக் கற்றுக்கொண்டோம்

சூடேறிய ரப்பரும் தூசியும் கலந்த ஒரு வாசனை... கூடவே ஜன்னல் வழியாக வரும் உப்புக்காற்று. எழுபதுகளில் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டவர்களுக்கு அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கும்.

நான் தூத்துக்குடியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே சயின்ஸ் எடுத்தவர் ஞானசெல்வி டீச்சர். நாசரேத்துக்காரர். வாய் ஓயாது. என்னைவிட மூத்தவர்தான், ஆனால் அவர் ஓட்டத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் டேப் ரெக்கார்டர் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கியது அவர்தான். மெஷின் கல்வி ஆபீஸிலிருந்து இரவல். ஒரு நிபந்தனையும் உண்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் அதிகாரி வந்து பார்ப்பார். ஆசிரியர்களுக்கு இயக்கத் தெரிந்திருந்தால் மெஷின் எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலேயே சுற்றும். இல்லையென்றால் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போகும்.

"பிள்ளையள் வாசிக்கது அதுகளுக்கே கேக்கணும் ஏளா. அப்பந்தான் தானா திருந்தும்" என்பார் என்னிடம். அதற்காகத்தான் அந்த அலைச்சல்.

முதல் நாள்... குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம், பெரியதாழை என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். எங்கள் பள்ளி ஹால் நிறைந்துவிட்டது. ஆனால் மைக்கை நீட்டினால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "நீங்க சீனியர், நீங்க மொதல்ல" என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒருவர் பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டார். இன்னொருவர் மைக் முன்னால் நின்று அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். சத்தியமாக... அவர் வகுப்புப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார்.

டீ நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. பெரியதாழைப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்த சூசை சார் ஞானசெல்வி டீச்சரிடம் மெதுவாகக் கேட்டார். அவர் ரிட்டையராக இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"இதுல பேசுனத எல்லாம் மேல அனுப்பிருவாவளோ டீச்சர்? பாடம் சரியில்லன்னு எங்கனயாவது தூக்கிப் போட்டுட்டா, இந்த வயசுல நான் எங்க போவேன்?"

எல்லார் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்றாலே வேர்த்துவிடும் ஆட்கள். வகுப்பில் சொன்னது காற்றோடு போய்விடும் என்று நிம்மதியாக இருந்தவர்கள் முன்னால், குரலைப் பிடித்து வைக்கும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தால்?

நானாக இருந்தால் "அப்படியெல்லாம் இல்லை சார்" என்று சமாதானம் சொல்லியிருப்பேன். டீச்சர் டஸ்டரை எடுத்தார். போர்டில் எழுதியிருந்த பயிற்சி வரிசையை முழுசாகத் துடைத்தார். கடைசியில் இருந்த 'அழித்தல்' என்ற பாடத்தை முதலில் எழுதினார்.

பிறகு மைக்கைப் பிடித்துத் தன் வகுப்பையே நடத்தினார். நுரையீரல் பாடம். நடுநடுவே எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் திட்டுவது, ஒரு இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்துவது... எல்லாம் அப்படியே வந்தது. போட்டுக் காட்டினார். ஹாலே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

"இப்ப நீங்க வந்து இத அழிங்க சார்" என்று சூசை சாரைக் கூப்பிட்டார்.

டேப்பைப் பின்னால் சுற்றி, மைக் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ரெக்கார்டில் ஓடவிட வேண்டும். அவ்வளவுதான். சார் அப்படியே செய்தார். திரும்பப் போட்டால் 'உஸ்ஸ்...' என்ற இரைச்சல் மட்டும். சார் இன்னொரு தடவை போட்டுப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் மைக்குக்கு வரிசை கட்டி நின்றார்கள். பேசினார்கள், கேட்டார்கள், அழித்தார்கள். சூசை சார் தன் பாடத்தை முழுசாகப் போட்டுக் கேட்டார். பிறகு எல்லார் முன்னாலும் சொன்னார்: "கேள்வியும் நானே கேக்கேன், பதிலும் நானே சொல்லுதேன். பிள்ளையளப் பேசவே விடலயே." அந்த வயதில் அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அதிகாரி வந்தார். நாங்கள் தட்டில் வைத்த தூத்துக்குடி மக்ரூனை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ரெண்டு நாளா பதிவு பண்ணதப் போடுங்க" என்றார்.

டீச்சர் போட்டார். உஸ்ஸ்... ஸ்பூல் முழுக்க உஸ்ஸ். அத்தனை பேரும் அத்தனையையும் அழித்திருந்தார்கள். ஒன்றையாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகாரி டீச்சரைப் பார்க்கிறார். டீச்சர் டேப்பை இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறார். மெஷின் போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது சூசை சார் எழுந்தார்.

"நான் இப்பமே பிடிச்சுக் காட்டுதேன் ஐயா. நீங்களே கேளுங்க."

எந்த ஆளுக்குப் பயந்தாரோ அதே ஆள் முன்னால்... ஸ்பூலை மாட்டி, டேப்பைக் கோத்து, பாடத்தை ஆரம்பித்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். நாங்கள் பிள்ளைகளாக இருந்து பதில் சொன்னோம். போட்டுக் காட்டியபோது அவர் காத்திருந்த அந்த நேரத்தில் தூரத்து மில் சங்குகூடப் பதிவாகியிருந்தது.

"அழிக்கட்டுமா ஐயா?" என்று கேட்டார் சூசை சார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் அதிகாரி. மெஷினும் எங்களிடமே இருந்துவிட்டது.

போன வாரம் என் மருமகள் வீட்டிலிருந்தபடி ஆன்லைன் ட்ரெய்னிங்கில் இருந்தாள். அவளும் டீச்சர்தான். ரெக்கார்ட் ஆகிறது என்று திரையில் வந்ததும் ஒவ்வொருவராக மைக்கை அணைத்து, கேமராவையும் மூடிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. போர்டைத் துடைத்துவிட்டு அழித்தலை முதலில் எழுதும் ஆள்தான் இல்லை.

ஞானசெல்வி டீச்சர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. என் போனில் குட்மார்னிங் சொல்லும் குரல்கள் குவிந்து கிடக்கின்றன. அவர் குரலை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போல இருக்கிறது... எங்கும் இல்லை.

அன்று நாங்கள் முதலில் அழித்தது அதைத்தான்.